ஒரே சாக்கில் இரண்டு தெரு ஓலை

இன்று காலை கோயிலுக்குப் பின்னால் காய்ந்த குருத்தோலையை எரித்தார்கள். அந்தப் புகை துப்பட்டாவில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நாளை திருநீற்றுப் புதன்.

போன குருத்து ஞாயிறன்று வீட்டுக்குக் கொண்டுபோன ஓலைச் சிலுவையைத் திருப்பிக் கொடுத்து, எரித்து, அந்தச் சாம்பலை நெற்றியில் பூசிக்கொள்வது எல்லா ஊரிலும் உள்ளதுதான். நம் ஊரில் மட்டும் மேலத்தெரு ஓலைக்கு ஒரு சாக்கு, நம் கீழத்தெரு ஓலைக்கு ஒரு சாக்கு. சாம்பலுக்கும் தனித்தனித் தட்டு. சாம்பலில்கூடச் சாதி பார்க்கிறவர்களுக்கு எதற்குக் கோயில் என்று நான் கத்துவேன். நீ சிரிப்பாய்.

சில வருடங்களுக்கு முன் திருவிழாவில், சப்பரம் நம் தெருவுக்குள்ளும் வர வேண்டும் என்று கேட்டதற்கு உன் தம்பியின் மண்டையை உடைத்தார்கள். அடித்தவன் மேலத்தெருக்காரன், நம்மோடு ஒரே பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிறவன். மறுநாள் சாயங்காலமே நீ ஜெபமாலையோடு உட்கார்ந்துவிட்டாய். ஊர் சமாதானத்துக்காம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஜெபம் பண்ணுனா ஒடஞ்ச மண்டை ஒட்டிக்குமாடி?"

"அதுக்குத்தான் தையல் போட்டாச்சே. நான் கேக்குறது வேற."

"கேஸு குடுக்கணும்."

"குடு, நானும் வாரேன். கேஸும் ஜெபமும் என்ன சக்களத்திகளா, ஒண்ணு இருந்தா இன்னொண்ணு ஆகாதுன்னு?"

சொன்னபடியே என்னோடு குளத்தூர் பஸ் ஏறி வந்து புகார் கொடுத்தாய். வழியெல்லாம் உன் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

அடுத்த திருநீற்றுப் புதன் நெருங்கியபோது, வீடு வீடாக ஓலை வாங்கும் கோயில் பணியாள் கோவில்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. அவருக்குப் பதிலாக நீ கிளம்பினாய், ஒரே சாக்கோடு. நம் தெருவில் வாங்கியதை அடியில் போட்டுக்கொண்டு நேராக மேலத்தெருவுக்கு நடந்தாய். "அங்கிட்டு எதுக்குடி போற, ஒனக்கும் மண்டை ஒடையணுமா?" என்று திட்டிக்கொண்டே பின்னால் வந்தேன்.

தம்பியை அடித்தவனின் அம்மா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். சாக்கை எட்டிப் பார்த்தார்.

"இதுல ஒங்க தெரு ஓலைல்ல கெடக்கு. எங்களுக்குத் தனிச் சாக்கு எங்க?"

"ஒண்ணுதாங்க இருக்கு. எரிஞ்ச பெறகு எது யாரு வீட்டுதுன்னு அந்த ஆண்டவரே பிரிச்சாத்தான் உண்டு."

"வாயப் பாரு!" என்று எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஓலைச் சிலுவையோடு வெளியே வந்தது அந்த மகன். உன்னைப் பார்க்காமலே சாக்கில் போட்டான்.

"ஒன் தம்பிக்கு இப்ப எப்புடி இருக்கு?"

"தலவலி இன்னும் விடல. கேச வாபஸ் வாங்க மாட்டோம்," என்றாய். "ஆனா தெனமும் ஒங்க பேரையும் சொல்லித்தான் ஜெபம் பண்றேன்."

அவன் உள்ளே போனான்.

பல வீடுகளில் ஓலை தரவில்லை. பூசையில் ஃபாதர் வழக்கம்போல இரண்டாவது தட்டுக்குக் கை நீட்டினார். ஒரே சாக்குச் சாம்பல் முழுக்க முதல் தட்டிலேயே இருக்க, அது காலியாக இருந்தது. மேலத்தெருவில் கொஞ்சம் பேர் எழுந்து வெளியே போனார்கள். அவன் போகவில்லை. உன் தம்பிக்குப் பின்னால் நின்று அதே தட்டுச் சாம்பலை வாங்கிக்கொண்டான்.

அந்த வருட மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் பெட்டிக்குத் தோள்கொடுக்க மேலத்தெருவிலிருந்து வந்தவன் அவன் மட்டும்தான். ஊர் திருந்திவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். கேஸ் இழுக்கிறது. சப்பரம் இன்னும் நம் தெருமுனையோடு திரும்பிவிடுகிறது. ஓலை மட்டும் ஒரே சாக்கில் வருகிறது.

இந்த வருடத் திருவிழாவுக்கான பேச்சுவார்த்தை நாளை மறுநாள் தாலுகா ஆபீஸில். நம் பக்கம் நான்தான் பேசப்போகிறேன். அவனும் வருகிறானாம். எந்தப் பக்கம் பேசுவான் என்று தெரியாது.

ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து இன்று மத்தியானம் கோயிலுக்குப் போய் முழங்கால் போட்டேன். கோபம் அப்படியேதான் இருந்தது. அதோடும் ஜெபிக்கலாம் என்று உன்னிடம்தான் பார்த்திருக்கிறேன். உன் தம்பிக்காகக் கேட்டேன். நம் தெருவுக்காகக் கேட்டேன். எழுந்திருக்கப் போனவள் மறுபடி முழங்காலிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் பெயரையும் சொன்னேன்.