புகார் பாக்கியில்லாத மென்பொருள்

அன்புள்ள அப்பாவுக்கு எர்மீனியா வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அங்கே நம் ஊர் தரீஹாவில் குளிர் விட்டதா?

இங்கே புவனோஸ் ஐரிஸ் அலுவலகத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. நாங்கள் இலவசமாகப் பயன்படுத்தும் திறந்த மூல மென்பொருள்களில் எதற்கு நன்கொடை தருவது என்று வருடாவருடம் பட்டியல் போடுவோம். தேதி கணக்கிடும் மென்பொருள் ஒன்றை இந்த முறையும் நான்தான் பட்டியலிலிருந்து நீக்கினேன்.

"அதோட இணையப் பக்கத்துல ஒரு புகார்கூட பாக்கி இல்ல. அத நடத்துற மனுஷன் ஜாலியா இருக்கான், அவனுக்கு எதுக்கு காசு?" என்றான் என்னோடு வேலை செய்யும் ராமீரோ. நானும் சிரித்தேன்.

நேற்று அதே பக்கத்தில் அந்த மனிதரின் மகள் எழுதியிருந்தாள். தனி ஆளாக அதைப் பார்த்துவந்தவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே வந்த புகார்களை அன்றன்றே சரிசெய்திருக்கிறார். போன வாரம் இறந்துவிட்டார். "இனிமே யாராவது பாத்துக்கோங்க" என்று முடித்திருந்தாள்.

கவலைப்படாதீர்கள், என் வேலைக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் பழைய கம்பளிச் சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. 'இங்கே ஒரு குறையும் இல்லை' என்றே எப்போதும் எழுதுகிறீர்கள். இந்த முறை அப்படி எழுதாதீர்கள், அப்பா.

எர்மீனியா