வெறும் வயிற்றில் காபி

கரோல் பாக்
பிப்ரவரி 1978

சௌபாக்யவதி குமுதாவுக்கு,

இங்கு க்ஷேமம் என்று எழுதலாம்தான். ஆனால் என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அதைப் பாதிதான் ஒப்புக்கொள்கிறது. ஹீமோகுளோபின் சரி, சிறுநீரகம் சரி, சர்க்கரை மட்டும் அதிகமாம். ஒரே கையில் எடுத்த ரத்தம் இப்படி மாற்றி மாற்றிப் பேசினால், எனக்கு லாப் மேல்தான் சந்தேகம் வருகிறது.

டாக்டரும் சரியில்லை. கவலைப்படாதீர்கள் என்று சிரித்தார். செக்ரடேரியட்டில் மேலதிகாரி அப்படிச் சிரித்தால் மாற்றல் உத்தரவு தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

மறுபடி ரத்தம் கொடுக்கப் போனேன். ஊசியோடு வந்த சர்தார்ஜி, "காலி பேட், பாபுஜி?" என்றார்.

"ஆமாம், வெறும் வயிறுதான். காபி மட்டும் குடித்தேன்."

"சர்க்கரை போட்டா?"

"போடாவிட்டால் அதற்குப் பெயர் கஷாயம்."

"போன தடவையும்?"

"என்றைக்கும்."

நாளைக்கு வாருங்கள் என்று ஊசியை வைத்துவிட்டார். காபியை யார் ஆகாரத்தில் சேர்த்தார்கள்? ஏகாதசியன்று உன் அப்பாவே குடிப்பார்.

அதற்குப் பிறகு தினமும் கிளம்புகிறேன். தினமும் குடித்துவிட்டே கிளம்பி, பஸ் ஸ்டாப்போடு திரும்பிவிடுகிறேன். என் அண்ணாவுக்கும் சர்க்கரையில்தான் ஆரம்பித்தது. காலை வெட்டி எடுத்தது பிற்பாடு. குடித்துவிட்டுப் போனால் பழி காபியின் மேல். குடிக்காமல் போயும் அதே எண் வந்தால், சந்தேகப்பட யாரும் மிச்சமில்லை.

பேரனுக்குப் புண்யாஹவாசனம் ஆனதும் வா. வந்த மறுநாள் காலையில் காபிப்பொடி டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, லாப் வரைக்கும் என்னோடு கூட வா.

இப்படிக்கு,
உன் அகமுடையான்