ஓடைக்கு அக்கரையில் அப்பா

ஓஷ்வால்
ஏப்ரல் 2020

அன்பு மகள் குளோதிலுக்கு, அம்மா எழுதுவது. நான் சுகம், வேளைக்குச் சாப்பிடுகிறேன். கியூபெக்கில் உன்னையும் பிள்ளைகளையும் இந்த நோய் அண்டாமல் இருந்தால் எனக்கு அது போதும். அப்பாவுக்கு ஒரு பிடி மண்கூடப் போட முடியவில்லையே என்று நீ போனில் அழுதாய், நானும் அழுதேன், சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை.

நம் ஊரில் இரண்டடி தோண்டினால் தண்ணீர், அதனால்தான் மாதா கோயில் இங்கேயும் கல்லறை ஓடைக்கு அக்கரை மேட்டிலுமாக வைத்தார்கள். பிறகு யாரோ வந்து ஓடையையே எல்லையாக்கிவிட்டுப் போனார்கள், நாம் பிரான்ஸ், நம் கல்லறை பெல்ஜியம். ‘செத்தாத்தான் எனக்கு வெளிநாட்டு யோகம்’ என்று அப்பா சிரிப்பாரே. இரண்டு உலகப் போர்களிலும் சவப்பெட்டியை மட்டும் யாரும் மறித்ததில்லை என்பார்கள். இந்த நோய் மறித்துவிட்டது. பாலத்தில் கான்கிரீட் கட்டைகளை அடுக்கிவிட்டு, நகரத்து மயானத்தில் அடக்கம் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். உன் தம்பி, நம் சின்னவன், அக்கரை மேட்டில் படுத்திருக்க, அவன் அப்பாவை முன்பின் தெரியாதவர்கள் நடுவில் விட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அப்போதுதான் குழிவெட்டும் வலேர் அக்கரையிலிருந்து, பாலத்தில் காவல் நின்ற போலீஸ்காரரிடம் கத்தினான், ‘ஆளுங்க தாண்டக் கூடாதுன்னுதானே உத்தரவு? பெட்டியை அவங்க கட்டை மேல வைக்கட்டும், நாங்க எடுத்துக்கறோம்’ என்று. மீன்பிடிக்கும் இடத்துக்காக அப்பாவோடு வருஷக்கணக்காக மல்லுக்கு நின்ற அதே வலேர்தான். போலீஸ்காரர் கொஞ்சம் யோசித்தார். ‘நான் தண்ணியப் பார்த்துக்கிட்டிருக்கேன், சீக்கிரம் முடிங்க’ என்று திரும்பி நின்றுகொண்டார். நம் ஆட்கள் வைத்துவிட்டு விலகினார்கள், அவர்கள் வந்து தூக்கினார்கள், முன்னால் தோள் கொடுத்தவன் வலேர். எப்பேர்ப்பட்ட ஜனங்கள், குளோதில். எந்த ராஜா கோடு போட்டு இவர்களைப் பிரிக்க முடியும்?

கல்லறைச் சுவர் மறைத்ததால் இங்கிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வலேரின் மனைவி ஜிஸ்லேன் சுவரோரம் நின்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள், ‘இப்ப இறக்கறாங்க லியோனி அக்கா, சின்னவன் பக்கத்துலதான், மண்ணு ஈரமே இல்ல’ என்று. பிறகு ‘இது லியோனி’ என்று ஒரு பிடி மண் போட்டாள். நான் கேட்கவே இல்லையம்மா, அவளாகவே இன்னொரு பிடி அள்ளி, ஓடைக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி ‘இது குளோதில்’ என்றாள்.

அதனால் இனி அழாதே. ஜிஸ்லேனுக்கு மறக்காமல் இரண்டு வரி எழுது. பிள்ளைகளைக் குளிரில் வெளியே விடாதே. மாதா உங்களைக் கைவிடமாட்டாள்.

உன் அம்மா,
லியோனி