பத்துக்குப் பத்து

ஆகஸ்ட் 21, வியாழன்

குடியை விட எவ்வளவு தயாராக இருக்கிறேன் என்று கவுன்சிலிங் டாக்டரம்மா இன்று மார்க் கேட்டார். பத்துக்கு எத்தனை என்று நானே சொல்ல வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை நம்பி அப்படி விட்டதில்லை. தாராளமாக, "பத்துங்க" என்றேன்.

"சின்ன நம்பர் சொன்னாலும் தப்பில்லைங்க. அதுல இருந்தே ஆரம்பிச்சுக்கலாம்."

"இல்லீங்க, பத்தேதானுங்க."

வெளியே ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் நான் ஒளித்து வைத்த ஒரு குவார்ட்டர் பாட்டில் கிடந்தது. சாவி, என்னைக் கூட்டி வந்த மகளிடம். தூறல் விழுந்த பிறகுதான் அவளுடைய மழைக்கோட்டும் அதற்குள் இருப்பது நினைவுக்கு வந்தது.

வெளியே வந்தால், கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். வண்டியைக் கிளப்பி உக்கடம் தாண்டினாள். பிறகு, "ஏனுங்கப்பா, உள்ளே என்ன சொன்னீங்க?" என்றாள்.

"முழுசாத் தயார்னு சொன்னேன் கண்ணு. பத்துக்குப் பத்து."

"ம்."

வீட்டுக்கு வந்து, அவள் அசந்த நேரத்தில் சாவியை எடுத்துச் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். பாட்டில் அப்படியே இருக்கிறது. அவள் எறிந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நானும் எறியவில்லை. மூடிவிட்டு வந்துவிட்டேன்.

காலையில் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, மூன்று என்று திருத்திச் சொல்ல வேண்டும். அதுவரை அந்த மூன்று தாங்க வேண்டுமே. ஸ்கூட்டர் சாவியை மகளின் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.