ஆயிரத்தொன்று என்று முடியும் எண்

எடப்பாடி
9.10.2025

அன்புள்ள சத்யாவுக்கு,

மோகனா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இரண்டு பக்கம்தான், படித்துவிட்டுக் கிழி.

என் எண்ணை நீ தடுத்து வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர், உன் கந்தவேல் மாமா கூப்பிட்டாலும் நீ எடுப்பதில்லை. தபால்காரரைத் தடுத்து வைக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. அதனால் உன் அஸ்தம்பட்டிப் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன். நீ அங்கே கணினி டீச்சராம், பிள்ளைகள் உன்னைக் கண்டால் நடுங்குகிறார்களாம். கேள்விப்பட்டபோது சிரித்துக்கொண்டேன். என்னையே நடுங்க வைத்தவள் நீ.

இங்கே எல்லோரும் சௌக்கியம். எட்டுத் தறியும் ஓடுகின்றன. யாரிடமும் கையேந்தாமல் நடக்கிறது, அதில் எனக்குப் பெருமைதான். இப்போது ஒரு சிக்கல்.

நம் தறிக்கூடத்து வழக்கம் இங்கே டிசைன் வரைய வந்த நாளிலிருந்தே உனக்குத் தெரியும். ஆயுத பூஜையன்று சூடம் காட்டுகிற நேரத்தில் ஒரு மிஷின்கூட மூச்சு விடக் கூடாது. நானும் கணினிக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தேன். அணைக்க மட்டும் மறந்துவிட்டேன். டிசைன்களை எதற்கும் இருக்கட்டும் என்று நகல் எடுக்க விட்டிருந்தேன், அது உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மாமா கையில் சூடத்தட்டோடு, "எல்லாத்தையும் நிறுத்தோணும், சாமி பாக்குதல்லோ" என்று மெயினை இறக்கிவிட்டார். யூபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாசம். மறுநாள் கணினி நீலத் திரையோடு நின்றுவிட்டது.

கடைக்கார ஜெகதீஸ்வரன் புது டிஸ்க் போட்டு, புதிதாக விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தார். பழைய டிஸ்க்கை ஒரு டப்பாவில் போட்டு வெளியிலிருந்து செருகினால், பிழை இருக்கிறது, சரிசெய்யவா என்று கேட்கிறது. அவர், "பார்மேட் அடிச்சுப் போடலாமுங்க அக்கா, வேற வழியில்லீங்க" என்கிறார். நான் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ராசிபுரத்துக் கல்யாணம் ஒன்றுக்கு நாற்பது சேலை. நம் பதினாறு கண் கரைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். கார்த்திகை முடிவதற்குள் கொடுக்க வேண்டும். பாதியில் நின்ற நகலில் அந்தக் கரை வரவில்லை, அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது.

கெஞ்சவில்லை. வழி கேட்கிறேன்.

இப்படிக்கு,
மோகனா

•

சேலம் - 7
14.10.2025

திருமதி மோகனப்பிரியா அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது.

'நம் பதினாறு கண் கரை' என்று எழுதியிருக்கிறீர்கள். மேட்டூரில் அணை நிரம்பினால் பதினாறு கண் மதகில் தண்ணீர் விழுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அந்தப் பதினாறு வளைவையும், ஒவ்வொன்றின் கீழும் தண்ணீர் உடையும் விதத்தையும் நாலு மாதம் உட்கார்ந்து வரைந்தவளும் நான். சேலத்தில் நெசவாளர் சங்கம் நடத்திய டிசைன் போட்டியின் விண்ணப்பத்தில் வரைந்தவர் பெயர் என்ற இடத்தில் இருந்தது உங்கள் பெயர். கேடயத்தோடு நீங்கள் நின்ற படத்தை நான் செய்தித்தாளில்தான் பார்த்தேன். இதில் 'நம்' எங்கே வருகிறது என்று தெரியவில்லை.

கேட்டதற்குப் பதில். பார்மேட் செய்யவே கூடாது. சரிசெய்யவா என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அடிபட்ட டிஸ்க்கில் நேராக வைத்தியம் பார்த்தால் இருப்பதும் போய்விடலாம். முதலில் நகல், பிறகுதான் வைத்தியம். டிஸ்க்கைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிட்டு எனக்கு எழுதுங்கள். வராவிட்டால் அதே அளவில் இன்னொரு டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் செருகி ஒரு பொத்தானை அழுத்தினால் அப்படியே படியெடுக்கும் பெட்டி சேலத்துக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். பழையதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, நகலைச் செருகி, அதில் மட்டும் பிழை திருத்த விடுங்கள்.

பிறகு திரையில் என்ன வருகிறதோ அதை எழுத்துக்கு எழுத்து எழுதி அனுப்புங்கள். 'என்னமோ வருது' என்று எழுத வேண்டாம். அந்த வழக்கம் உங்களுக்கு உண்டு.

சத்யபிரியா

•

எடப்பாடி
24.10.2025

சத்யா,

திருமதி என்றெல்லாம் எழுதி என்னைக் கிழவியாக்கிவிட்டாய். போகட்டும்.

டிக் டிக் சத்தம் இல்லை. பெட்டியை சேலத்தில் வாடகைக்கு எடுத்து, அங்கேயே ஒரு பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து நகல் எடுத்தேன். கடைக்காரர், "நீங்க போய்ட்டு வாங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். அசையவில்லையே நான். தறியில் பாவு நூல் ஏற்றும்போது ஆள் பக்கத்தில் நிற்க வேண்டாமா? இதுவும் அப்படித்தான். நகலில் பிழை திருத்தமும் ஓடி முடிந்தது. டிஸ்க் திறக்கிறது. யார் உதவியும் இல்லாமல் செய்தேன் என்று எழுத ஆசைதான். உன் கடிதம் மடியில் இருந்தது.

தீபாவளிக்கு உனக்கும் சேர்த்து அதிரசம் சுட்டேன். பழக்கம், கை அளவு மறக்கவில்லை.

இப்போது அடுத்த முட்டுக்கட்டை. உன் பெயரில் இருக்கும் கோப்புறைக்குள் போனால் டிசைன்ஸ் என்று இருக்கிறது. அதை அழுத்தினால் 'ஆக்சஸ் டினைடு' என்று வருகிறது. எழுத்துக்கு எழுத்து அதேதான். ஜெகதீஸ்வரன் வந்து ப்ராபர்ட்டீஸில் செக்யூரிட்டி என்ற இடத்தைத் திறந்து காட்டினார். ஓனர் என்ற இடத்தில் ஒரு பெயரும் இல்லை. எஸ், கோடு, 1, கோடு, 5, கோடு, 21 என்று தொடங்கி ஒரு முழ நீளத்துக்கு எண்கள். கடைசியில் 1001. பக்கத்தில், தெரியாத கணக்கு என்று போட்டிருக்கிறது. "யாரோ உள்ள பூந்துட்டானுங்க அக்கா, வைரஸுங்க" என்கிறார் ஜெகதீஸ்வரன்.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். நீ போன பிறகும் பழைய விண்டோஸில் உன் கணக்கில்தான் வேலை செய்தேன். உன் கடவுச்சொல் எனக்குத் தெரியும். தினமும் காலையில் திரையில் உன் பெயரை அழுத்தித்தான் உள்ளே போனேன். புது விண்டோஸில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

யார் இந்த 1001?

மோகனா

•

சேலம் - 7
29.10.2025

திருமதி மோகனப்பிரியா அவர்களுக்கு,

வைரஸ் இல்லை. அந்த எண் நான்.

கணினி ஆட்களைப் பெயரால் அறிவதில்லை. கணக்கு திறக்கும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கிறது. திரையில் நமக்குக் காட்டத்தான் பெயர். அந்தக் கணினி பெட்டியிலிருந்து வந்த அன்று முதல் கணக்கு திறந்தது நான். அதனால் கடைசியில் 1001. உங்கள் கொழுந்தனார் பிள்ளைகள் விளையாடப் புகுந்து ஒரு டிசைனை அழித்தார்களே, அதன் பிறகு என்னைத் தவிர யாரும் திறக்க முடியாதபடி பூட்டி வைத்தேன். பழைய விண்டோஸுக்கு அந்த எண் சத்யபிரியா என்று தெரியும். புதியதற்கு நான் யாரென்று தெரியாது. எண் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

திறக்கும் வழி சுலபம். அதே செக்யூரிட்டியில் அட்வான்ஸ்டு என்பதை அழுத்துங்கள். ஓனர் பக்கத்தில் சேஞ்ச் என்று இருக்கும். உங்கள் கணக்கின் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் உரிமையாளரை மாற்றவா என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போட்டு ஓகே கொடுங்கள். பிறகு உங்கள் பெயருக்கு முழு அனுமதியும் கொடுத்துக்கொள்ளலாம். நானூற்றுப் பன்னிரண்டு டிசைன். ஒரு நிமிடம்கூட ஆகாது. நிர்வாகியாக உட்கார்ந்திருப்பவர் யார் பெயரை வேண்டுமானாலும் எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், முன்னால் இருந்தவரைக் கேட்க வேண்டியதில்லை. உங்களுக்குப் பழக்கமான வேலைதான்.

உரிமையாளரைத் தொடாமலே நகல் மட்டும் எடுக்க இன்னொரு வழியும் உண்டு. நிர்வாகியாகக் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரியைத் தட்டச்சு செய்ய வேண்டும். தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன், முழுமைக்காக. ஓர் இடைவெளி தவறினாலும் ஓடாது. உங்களுக்கு அது வராது, வேண்டாம். முதல் வழியிலேயே செய்யுங்கள்.

சத்யபிரியா

•

எடப்பாடி
21.11.2025

என் சத்யாக் கண்ணுக்கு,

உன் கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். 'பழக்கமான வேலைதான்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவர் கடிதத்தை வாங்கி அந்த வரியைத் தானே படித்தார். பிறகு, "அந்தப் புள்ள சொல்றது நெசந்தானுங்களே" என்றார். என்னிடம் வாங்க போங்க என்று பேசினால் அவருக்குக் கோபம் என்று அர்த்தம்.

முதல் வழியிலேயே செய்யப் போனேன். சேஞ்ச் அழுத்தி, என் பெயரைத் தட்டி, கட்டத்தில் டிக்கும் போட்டுவிட்டேன். ஓகே மட்டும் பாக்கி. அங்கே கை நின்றுவிட்டது. இந்த இடத்தில் நான் முன்பே ஒரு முறை உட்கார்ந்திருக்கிறேன், சத்யா. அன்றைக்குக் கையில் பேனா இருந்தது. விண்ணப்பத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்று ஊரெல்லாம் சொன்னேன். அது பொய். இரண்டு வரி காலியாக இருந்தது. தறி என்னுடையது, நூல் என்னுடையது, கணினி என்னுடையது, அப்படியானால் கரையும் என்னுடையது என்று ஒரு நினைப்பு. மேடையில் கைதட்டும்போது நீ கூட்டத்தில் இருக்கிறாயா என்று பார்த்தேன். நீ இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு.

கேன்சல் அழுத்தினேன். உனக்கு வராது என்று எழுதினாயே, அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். எனக்கு ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி, தெரிந்துதானே எழுதினாய்.

முதல் நாள் எட்டு முறை தட்டினேன். எட்டு முறையும் சிவந்த எழுத்தில் திட்டியது. மறுநாள் ஆறு முறை. கோப்புறையின் பெயரில் இடைவெளி இருந்தால் இருபுறமும் மேற்கோள் குறி போட வேண்டும் என்று நீ ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்ததை மூன்றாம் நாள்தான் பார்த்தேன். போட்டேன். என்டர் தட்டினேன். கறுப்புத் திரையில் டிசைன்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. நானூற்றுப் பன்னிரண்டும் வந்தன, ஒன்றுகூடத் தவறவில்லை. பதினாறு கண் திறந்தபோது சத்தமாகவே அழுதேன். தறிக்கூடத்துக் கமலவேணி ஓடி வந்து, "ஏனுங்கக்கா, கரண்டு அடிச்சுப் போடுச்சா" என்று கேட்டாள்.

என்னாலும் முடிந்தது, சத்யா. கணினியை அணைக்க மறந்து எல்லாவற்றையும் கெடுத்தவள், கறுப்புத் திரையில் ரோபோகாப்பி என்ற அந்தக் கட்டளையை ஓட்டினேன். ஜெகதீஸ்வரன் அந்த வரியைத் தனக்கு எழுதிக் கேட்டார். கொடுத்தேன், டீச்சர் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தேன்.

பழைய டிஸ்க்கை அப்படியே சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். அதில் ஓனர் இன்னும் 1001தான். நான் தொடவில்லை, தொடவும் மாட்டேன்.

தறியில் கரை ஓடுகிறது. முதல் சேலையை ராசிபுரத்துக்கு அனுப்பவில்லை, இந்தக் கடிதத்தோடு உனக்கு அனுப்புகிறேன். முந்தியின் ஓரத்தில் கடை பெயர் நெய்வோமே, அந்த இடத்தைப் பார். நாற்பதிலும் அப்படித்தான் வரும். கல்யாண வீட்டில் கேட்டேன். "வரைஞ்சவங்க பேருன்னா இருக்கட்டுமுங்க, அதுதானுங்க மொறை" என்றார்கள். எனக்குத்தான் அந்த முறை தெரியாமல் போயிற்று.

போட்டி நடத்திய சங்கத்துக்கும் எழுதிவிட்டேன். கேடயத்தை வாங்கிக்கொண்டு உன் பெயர் பொறித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். முடியாது என்றால் நேரில் போய் உட்காருவேன். உட்காருவதில் எனக்கு நல்ல பயிற்சி ஆகிவிட்டது.

நீ பதில் எழுதாவிட்டாலும் தப்பில்லை.

உன் அக்கா,
மோகனா

•

அஸ்தம்பட்டி
27.11.2025

மோகனா அக்காவுக்கு,

சேலை வந்தது. முந்தியைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். 'கரை: சத்யபிரியா, மேட்டூர்.' அம்மாவிடம் கொடுத்தேன். அவர் வாய்விட்டு நாலு முறை படித்தார், பிறகு பக்கத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னும் திரும்பி வரவில்லை.

என் பெயரில் 'ரி'யின் சுழி ஓர் இழை வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. நான் வரைந்திருந்தால் தள்ளியிருக்காது. மீதிச் சேலைகளில் அப்படியே விடாதீர்கள், வந்து திருத்தித் தருகிறேன்.

அந்த வரியை என் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே முதல் தடவை சரியாகத் தட்ட மாட்டார்கள். மூன்று நாளில் ஓட்டிவிட்டீர்கள். நேற்று வகுப்பில் சொன்னேன், எடப்பாடியில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறார் என்று. வராது என்று எழுதியது நீங்கள் செய்வீர்கள் என்று தெரிந்துதான்.

யூபிஎஸ்ஸுக்கு முதலில் பேட்டரி வாங்குங்கள்.

புது விண்டோஸில் என் பெயரில் ஒரு கணக்கு திறந்து வையுங்கள். அதே பெயர் போட்டாலும் பழைய எண் திரும்ப வராது, புதிதாகத்தான் ஒன்று கொடுக்கும். முதல் கணக்கு உங்களுடையது என்பதால் எனக்கு 1002 என்று வரும். வரட்டும், அக்காவுக்கு அடுத்துத்தானே தங்கச்சி.

கடவுச்சொல் இடத்தைக் காலியாக விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து நானே போட்டுக்கொள்கிறேன்.

சத்யா