கல்லறையில் எனக்கு நடந்த அஞ்சலி

குத்தாயிசி,
ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை

அன்பு மகன் ஸாஸாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் நலம், என் முழங்கால் மட்டும் என்னோடு பேசுவதில்லை. வார்சாவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், போன படத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. நான் செத்துப்போனதாக யாராவது சொன்னால் நம்பாதே.

ஆறு வருஷத்துக்கு முன் அப்பாவுக்குக் கல் வைத்தபோது பக்கத்திலேயே என் முகத்தையும் செதுக்கி, பிறந்த வருஷம் போட்டு, ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் சாகும் வருஷத்துக்குக் காலியாக விடச் சொன்னவன் நீதான். எனக்கும் பெருமைதான், செதுக்கியவன் எனக்கு உன் அத்தையின் மூக்கை வைக்காமல் இருந்திருந்தால். திங்கட்கிழமை வழக்கம்போல் சிவப்பு முட்டை, ரொட்டி, ஒயின் எல்லாம் கல்லறை மேஜையில் வைத்துவிட்டுப் பூவுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பினால் உன் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி வாஷா நிற்கிறார், இருபது வருஷம் கழித்து ரஷ்யாவிலிருந்து வந்திருக்கிறார், கண்ணாடி போடவில்லை. கல்லில் இரண்டு முகத்தைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் ஒயினையே ஊற்றி, அண்ணியும் போயிட்டாங்களே, அவங்க கை ரொட்டி மாதிரி உண்டா என்று ஆரம்பித்தார். நான் வால்நட் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். உயிரோடு இருக்கும்போது என் ரொட்டியை யார் புகழ்ந்தார்கள், நீயா?

பக்கத்தில் தன் மனைவி மனானாவின் கல்லறை மேல் ஈஸ்டர் வழக்கப்படி சிவப்பு முட்டை உருட்டிக்கொண்டிருந்த பத்ரி என்னைப் பார்த்துவிட்டார், நம் பழைய பஸ் டிரைவர் பத்ரிதான். என்னைக் காட்டிக்கொடுக்காமல் தானும் ஒரு கிளாஸ் ஊற்றி, முகம் மாறாமல் என் ஆத்மாவுக்காகக் குடித்தார். வாஷா விடவில்லை. அண்ணன் போன பிறகு அண்ணிக்கு இந்த உலகத்துல ஒரு ஆசையும் இல்ல, எப்படா அவர்கிட்டப் போய்ச் சேருவோம்னுதான் கிடந்தாங்க என்றார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அப்போது பத்ரி, அப்படித் தெரியலையே, போன வாரம்கூட என்கூடச் சந்தைக்கு வந்து சிவப்புச் செருப்பு வாங்கினாங்க என்றார். நான் அந்தச் செருப்போடு மரத்தைவிட்டு வெளியே வந்தேன். வாஷா சிலுவை போட்டுக்கொண்ட வேகத்தில் பாதி ஒயின் அவர் சட்டையில்.

செருப்பு விஷயம் உனக்குப் புரிந்திருக்கும். பிப்ரவரியில் பத்ரி என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார், நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன், என் பக்கம் வந்தால் சம்மதம் என்று கல்லறை மேல் முட்டையை உருட்டினேன். அது நட்டநடுவில் நின்றுவிட்டது, மனுஷன் என்றைக்கு ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னார். அதனால் உன்னைக் கேட்கிறேன். கல்லில் என்னை அவர் பக்கத்தில் நிறுத்தியவன் நீ, நீ வேண்டாமென்றால் சிரித்துக்கொண்டே இருந்துவிடுவேன், கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான். கல்லை மாற்றவே வேண்டாம். கடைசியில் நான் அப்பா பக்கத்தில்தான், பத்ரியின் முகமும் மனானா பக்கத்தில் கோடு இழுத்துத் தயாராக இருக்கிறது. படுக்க இருவருக்கும் இடம் இருக்கிறது ஸாஸா, அதுவரைக்கும் சேர்ந்து உட்கார்ந்து காபி குடிக்கத்தான் இடம் கேட்கிறோம்.

குளிருக்குத் தொப்பி போடு. கடவுள் உன்னைக் காக்கட்டும், உன் வீட்டில் ரொட்டி குறையாதிருக்கட்டும். சீக்கிரம் பதில் எழுது, அப்பாவைப் போல நடுவில் நிற்காதே.

கோட்டுக்கு இந்தப் பக்கமே இருக்கும்
உன் அம்மா நானுலி