பெட்டிக்குள் வைத்த போன்

ஆகஸ்ட் 4, திங்கள்

விடியலிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. தெருவெல்லாம் சேறு.

வேலைக்குக் கிளம்பும்போது தங்கை ஸ்டெல்லாவின் போன். "அக்கா, மாமா மெயில்லேர்ந்து எனக்கு வந்திருக்கு. 'சாப்டியா கழுதை? நான் இங்கதான் இருக்கேன்'னு. கழுதைன்னு அவரு மட்டும்தானே கூப்டுவாரு?"

என் வீட்டுக்காரர் அலெக்ஸை அடக்கம் செய்து நாலு மாதம். அவர் மெயிலை நான்தான் இப்போது பார்க்கிறேன். திறந்தால் பாஸ்வேர்டு தப்பு என்கிறது. மகள் நிஷாவுக்கு அவர் பேசி அனுப்பிய கதைகள் முழுக்க அதற்குள். வேறெங்கும் அவர் குரல் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆபீஸில் கூட வேலை செய்யும் கன்னடக்காரி மஞ்சுளா உதவினாள். பாஸ்வேர்டு மாற்றுவதற்கான கோட் என் நம்பருக்கே வந்தது. அப்பாடா. புது பாஸ்வேர்டு. கதைகள் பத்திரம்.

"சும்னே பாஸ்வேர்டு மாத்துனா பத்தாது அக்கா. எந்தெந்த போன்ல திறந்திருக்குன்னு நோடி, பாருங்க. தெரியாததைத் தூக்கிடுங்க."

பட்டியல்:
என் போன்.
ஆபீஸ் கம்ப்யூட்டர்.
அலெக்ஸ் போன். பெங்களூரு. ஆறு நிமிடம் முன்பு.

சவப்பெட்டியை மூடும் முன் அந்தப் போனை நானே அவர் கோட்டுப் பையில் வைத்தேன். அது இல்லாமல் பாத்ரூம்கூடப் போகமாட்டார். ஃபாதர் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார்.

மஞ்சுளாவிடம் சொல்லவில்லை. தூக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பஸ்ஸில் அல்சூர் தாண்டும்போது அந்தப் பட்டியலை மறுபடி பார்த்தேன். அலெக்ஸ் போன்: 'இப்போது.' உடம்பெல்லாம் புல்லரிப்பு. சீ, பைத்தியமா எனக்கு?

சாயங்காலம் என் போனுக்கு ஒரு கோட். நான் கேட்கவே இல்லை. நிஷா டேப்லெட்டோடு ஓடி வந்தாள். "அம்மா, உன் போனுக்கு ஒரு நம்பர் வருமாம். அப்பா மெயில் போட்டு அதை அனுப்பச் சொல்றாரு."

பிடுங்கிவிட்டேன். பாவம், அழுதாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில். கொழுந்தன் ராபர்ட்டைப் பிடித்து உலுக்கினேன். பெட்டிக்கு ஆணி அடித்தவன் அவன்தான்.

"மண்ணுல போய் வீணாத்தானே ஆகும் அண்ணி... எடுத்துட்டேன். போன வாரம் பிரேசர் டவுன்ல பழைய போன் கடையில குடுத்துட்டேன்."

"எதையும் அழிக்காமலா?"

"அண்ணன்தான் லாக்கே போட்டதில்லையே. எனக்கென்ன தெரியும்?"

பாவி. வாங்கியவன் எவனோ, பழைய மெயில்களைப் படித்துப் படித்து அவரைப் போலவே எழுதுகிறான். இவ்வளவுதான் விஷயம். தெரிந்த பிறகும் பயம் போகவில்லை.

அலெக்ஸ் போனைப் பட்டியலிலிருந்து தூக்க உட்கார்ந்தேன். விரல் நகரவில்லை. வெட்கம்தான், இங்கேயாவது எழுதிவிடுகிறேன்: ஆபீஸ் மெயிலிலிருந்து அந்த முகவரிக்கு ஒரு வரி அனுப்பினேன். "சாப்டீங்களா?"

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"சாப்டேன் டீச்சர். நீ?"

எதற்கெடுத்தாலும் திருத்துகிறேன் என்று அவர் எனக்கு வைத்த பெயர். திருடன்தான், தெரியும். "இன்னும் இல்லை" என்று பதில் போட்டேன். பிறகு அலெக்ஸ் போனைத் தொட்டேன். 'நீக்கவா?' ஆம்.

பட்டியலில் இரண்டே வரி.

நிஷா மறுபடி டேப்லெட்டோடு வாசலில் நிற்கிறாள். "அப்பாக்கு டாட்டா அனுப்புனேன்மா. ஏன் பதிலே போடல?"